பிஷப்பின் சட்டைப்பை

எங்கள் ஊரில் கார்ட்டர் பாம்பைக் காசு கொடுத்து வாங்குவது, ஈரி ஏரிக் கரையில் நின்றுகொண்டு மணலைக் கடையில் வாங்குவது மாதிரி. விறகுக் குவியலைப் புரட்டினால் இரண்டு இருக்கும். தபால்பெட்டிக் கம்பத்தின் அடியில் ஒன்று வெயில் காயும். முதுகில் மூன்று மஞ்சள் கோடு, சுட்டுவிரல் தடிமன், கடித்தாலும் ஒன்றும் ஆகாது. பிடித்தால் மட்டும் வால்பக்கமிருந்து ஒரு நாற்றத்தைப் பீய்ச்சும். அதைப் போக்கும் சோப்பை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்பேர்ப்பட்ட பாம்பை ஒருத்தி வீட்டு நிலவறையில் வைத்துக் குட்டி போடவைத்து, பெயர் வைத்து, வம்சம் பார்த்து விற்கிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? அதையெல்லாம் சொன்னது. இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவள் பெயர் ஆர்லெட்டா குபிக். எனக்கு எதிர்வீடு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவளுடைய பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்கள்கூட வாலாட்ட மாட்டார்கள். பாம்புக்காரி கையில் எதை வைத்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? நான் இர்மா. முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். இந்த ஊரில் யாருடைய தலை உண்மையில் என்ன நிறம் என்பது கர்த்தருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிகிற நிறத்தை நம்பாதே என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆர்லெட்டாவின் கணவர் நார்பர்ட்டும் என் வாடிக்கைக்காரர்தான். மாதம் ஒரு முறை கடையின் பின்வாசல் வழியாக வருவார். கருகருவென்று போவார். "எங்க குடும்பத்துல யாருக்கும் நரைக்காது இர்மா" என்று, நான் அவர் தலையில் சாயம் தடவிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே நம்பினார். அந்த மாதிரி மனிதர்.

தரைக் கம்பளம் விற்கும் கடை அவருக்கு. நல்ல குரல், நல்ல கோட்டு. பாம்பு வளர்ப்பைத் தொடங்கியவர் அவர்தான் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். அது உண்மைதான். ஒரு கண்காட்சியில் அல்பினோ ஜோடி ஒன்றை வாங்கிவந்தார். கறுப்புச் சாயமே உடம்பில் இல்லாத, வெளிறிய ஆரஞ்சும் மஞ்சளுமாக, சிவந்த கண்ணோடு மின்னுகிற பாம்புகள். அன்றிலிருந்து பாம்பு அவருடையது, பாம்பின் எச்சம் ஆர்லெட்டாவுடையது. மண்புழுவை நறுக்குவது அவள். வெள்ளிக்கிழமை சர்ச் மண்டபத்தில் மீன் வறுக்கும்போது பின்னால் போய் வறுக்காத மீன் துண்டுகளை வாளியில் வாங்கிவருவது அவள். குளிர்காலம் வந்ததும் பாம்புகளைப் பெட்டியோடு பழைய பீர் ஃபிரிட்ஜில் உறங்கவைப்பதும், பீரை எடுக்கப் போகிறவர் பாம்பை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவள். கண்காட்சிகளில் மைக்கைப் பிடிப்பது மட்டும் நார்பர்ட்.

அவருடைய பெருமைக்குரிய ஆண் பாம்புக்கு பிஷப் என்று பெயர். கத்தோலிக்க ஊரில் இப்படி ஒரு பெயரா, அதுவும் இத்தனை பிள்ளை பெறுகிற ஒன்றுக்கு என்று பாதிரியாரே கேட்டுவிட்டுச் சிரித்தார். பிஷப்பின் குட்டிகளை விற்கும் பெட்டி ஒவ்வொன்றிலும் நார்பர்ட் ஓர் அட்டை ஒட்டுவார்: "பிஷப் வாரிசு. கரியன் கலப்பு அறவே இல்லை."

கரியன் என்றால் எங்கள் ஏரிக்கரையின் கறுப்புக் கார்ட்டர். கோடும் கிடையாது, ஒன்றும் கிடையாது, தார் ஊற்றியது மாதிரி இருக்கும். அலைதடுப்புக் கற்களுக்கு நடுவே கொத்துக் கொத்தாகக் கிடக்கும். ஊர்ப் பிள்ளைகள் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரிவார்கள். சும்மா கிடைப்பது என்பதாலேயே நார்பர்ட்டுக்கு அதைக் கண்டால் ஆகாது.

இவர்களுக்கு ஒரே மகள், லினெட். பிறவியிலேயே காது கேளாதவள். அம்மாவும் மகளும் கைகளால் பேசுகிற வேகத்துக்கு நான் இருபது வருஷம் பழகியும் பாதிதான் பிடிபடும். நார்பர்ட் கற்றுக்கொண்டது நாலைந்து சைகை: சாப்பாடு, தூக்கம், இல்லை, அப்புறம். கடைசி இரண்டைத்தான் அதிகம் பயன்படுத்தினார்.

லினெட்டுக்கு ஏழு வயது இருக்கும்போது, சாதாரணக் கோட்டுப் பாம்பு இரண்டு சேர்ந்து எப்படி அல்பினோ குட்டி போட்டன என்று கேட்டாள். ஆர்லெட்டா தன் சட்டைப்பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்துக் காட்டினாள். வெளியே தெரிகிறதா? தெரியவில்லை. ஆனால் இருக்கிறது. அப்பா பையிலிருந்து ஒன்று, அம்மா பையிலிருந்து ஒன்று, இரண்டும் கிடைக்கிற குட்டிதான் அல்பினோவாகப் பிறக்கும். ஒன்று மட்டும் கிடைத்தால் அது பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் கைக்குட்டையைத் தன் பைக்குள் மடித்து வைத்துக்கொள்ளும், என்றாவது தன் குட்டிக்குக் கொடுக்கும். இப்படி ஒளித்துச் சுமக்கிற பாம்பைப் பாம்புக்காரர்கள் 'ஹெட்' என்பார்கள். லினெட் அந்த வார்த்தையைத் தொடவில்லை. நெஞ்சுப்பக்கம் சட்டைப்பையை இரண்டு தட்டு தட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சொல். ஒரு முறை பூசையின்போது நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் பையைத் தட்டினேன். லினெட் மூன்று வரிசை தள்ளியிருந்து 'என்ன நிறம்?' என்று சைகையில் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

கிளீவ்லேண்டில் ஒரு டாக்டர் லினெட்டைப் பரிசோதித்துவிட்டு இதே கைக்குட்டைக் கதையைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். அவள் காதுக்குக் காரணம் ரெண்டு பக்கமும் இருக்கிறது, இருவருமே அதைத் தெரியாமல் சுமந்திருக்கிறார்கள், யார் தப்பும் இல்லை. பாம்பு விஷயத்தில் எந்தக் குட்டி எதைச் சுமக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய நார்பர்ட் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னார்: "எங்க பக்கம் தொண்ணூறு வயசுலயும் குண்டூசி விழுந்தா கேக்கும். இது உன் பெரியத்தை வழி." ஆர்லெட்டாவின் பெரியத்தைக்குக் கிழவயதில் காது மந்தம் என்னவோ உண்மை. டின் மீன் ஆலையில் முப்பது வருஷம் நின்றால் கல்லுக்கும் காது போகும். அந்த வீட்டில் காது கேளாதவர் யார் என்பதில் எனக்கு அன்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஆர்லெட்டா சண்டை போடுகிறவள் இல்லை. ஆனால் அவளுக்கு அந்த மனிதரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. 'என் பக்கமும்தான்.' அவ்வளவே. மன்னிப்புகூட வேண்டாம். வருஷக்கணக்காக மண்புழு நறுக்கிக்கொண்டே அதற்காகக் காத்திருந்தாள். கிடைக்கவில்லை.

இதற்கிடையில் லினெட்டுக்குப் பதினாறு வயதானபோது அலைதடுப்புக் கற்களிலிருந்து ஒரு கரியனைப் பிடித்துவந்து, யாரையும் கேட்காமல் அப்பாவின் அல்பினோப் பெண் பாம்பு ஒன்றோடு விட்டுவிட்டாள். பிறந்த குட்டிகள் அத்தனையும் பார்வைக்குச் சாதாரணம். நார்பர்ட் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "என் வரிசையில குப்பைமேட்டு ரத்தத்தை ஏத்திட்டா!" குட்டிகளைத் தோட்டத்தில் விடச் சொன்னார். ஒன்றை மட்டும் லினெட் ஒளித்துவைத்துக்கொண்டாள், அவருக்குத் தெரியவந்தபோது அது வளர்ந்தே விட்டிருந்தது. அதுதான் மேபல்.

மேபலைப் பார்த்தால் எங்கள் வீட்டு விறகுக் குவியலில் படுத்திருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் லினெட் அதைக் காட்டி இரண்டு கையாலும் இரண்டு பக்கப் பையையும் தட்டுவாள். ஒரு பையில் அல்பினோ, இன்னொரு பையில் கரியன். இதே மாதிரி இரண்டையும் கொடுக்கக்கூடிய ஓர் ஆண் கிடைத்தால், கரியன் கோடுகளை மூடும், அல்பினோ கறுப்பைத் துடைக்கும், மிச்சம் கோடே இல்லாத ஒரு வெள்ளைப் பாம்பு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. லினெட் அதற்குப் பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டாள்: கைக்குட்டை.

லினெட்டுக்கு இருபத்தொரு வயதில் நிச்சயதார்த்தம். அந்த அக்டோபரில், வெயில் கடைசியாகக் கொஞ்சம் சூடாக அடித்த ஒரு பிற்பகல், அப்பா கம்பளம் விற்கப் போயிருந்தபோது, மகள் மேபலை பிஷப்பின் பெட்டிக்குள் இறக்கினாள். "பிஷப் பையில் கரியன் இருக்காதே, அப்புறம் எதுக்கு?" என்று நான் கேட்டேன். லினெட் தோளைக் குலுக்கினாள். 'அப்பா சொன்னார் என்பதால் இருக்காதா?' என்று அவள் கை கேட்டது.

நவம்பரில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. பன்றித்தொடை, பியரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டை, ஆர்லெட்டாவின் ஆப்பிள் பை. நானும் இருந்தேன். பேச்சு எப்படியோ பேரப்பிள்ளைகள் பக்கம் போனது. நார்பர்ட் மாப்பிள்ளையின் தாயார் பக்கம் சாய்ந்து, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. அது அவ அம்மா பக்கத்து விஷயம். எங்க பக்கம் சுத்தம்."

பிறந்ததிலிருந்து உதடுகளைப் பார்த்தே வாழ்கிற பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு குரலைத் தாழ்த்துகிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! லினெட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா சொன்னதை இரண்டே சைகையில் அம்மாவிடம் சொன்னாள். ஆர்லெட்டா எழுந்தாள். எல்லோருக்கும் ஆப்பிள் பை வெட்டிப் பரிமாறினாள். நார்பர்ட்டின் தட்டில் மட்டும் வைக்கவில்லை. அவருடைய கோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"என்ன இது?" என்றார்.

"குளிரும். போட்டுக்கிட்டுப் போ."

"எங்க போறது?"

"சுத்தமான பக்கமா பாத்துப் போ."

மாப்பிள்ளையின் தாயார் நல்ல மனுஷி. அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த ஆப்பிள் பை எப்படிச் செய்கிறது என்று. கல்யாணம் குறித்தபடி நடந்தது.

நார்பர்ட் கம்பளக் கடைக்கு மேல்மாடியில் குடிபோனார். பிஷப், அல்பினோப் பெண்கள், அடுக்குப் பெட்டிகள், பீர் ஃபிரிட்ஜ், எல்லாம் போயிற்று. பிஷப்பை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போகும்போது அது அவருடைய நல்ல கோட்டில் நாற்றத்தைப் பீய்ச்சியது. எனக்கு அந்தப் பாம்பின்மேல் அன்றுதான் முதன்முதலாக மரியாதை வந்தது. மேபலையும் இன்னும் இரண்டு சாதாரணங்களையும் காட்டி, "உன் குப்பைமேட்டை நீயே வெச்சுக்கோ" என்றார்.

ஃபிரிட்ஜ் இல்லாததால் ஆர்லெட்டா மாடிப்படிக்கு அடியில் குளிர்ந்த மூலையில் மேபலை உறங்கவைத்தாள். வசந்தத்தில் எழுந்த மேபல் ஏரி மீனை இரண்டு மாதம் வெளுத்துக்கட்டியது. பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நடுப்பகுதி மட்டும் பருத்துக்கொண்டே போயிற்று. இந்தப் பாம்புக்கு இது ஒரு வசதி. இலையுதிர்காலத்தில் வாங்கியதைக் குளிர்காலம் முழுக்க உள்ளே பத்திரமாக வைத்திருந்து, வெயில் வந்தபின் தாயாகும். ஆண் பாம்பு அதற்குள் வீட்டை விட்டே போயிருந்தாலும் கவலையில்லை. முட்டை கிட்டை ஒன்றும் கிடையாது, குட்டியாகவே போடும்.

ஆகஸ்டில் ஒரு காலை தொலைபேசி அடித்தது.

"இர்மா, கெளம்பி வா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வா."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"மேபலுக்கு ஆச்சு. வாயேன்டி!"

நிலவறையில் லினெட் தரையில் குந்தியிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். பெட்டிக்குள் பென்சில் பென்சிலாகக் குட்டிகள். பாதிக்குப் பாதி அல்பினோ. மற்றவை சாதாரணம். அதற்கு நடுவே இரண்டு, தார் மாதிரி. கரியன். தாயிடம் மட்டும் இருந்தால் கரியன் பிறக்காது, தகப்பனும் கொடுத்திருக்க வேண்டும். பிஷப்பின் பை காலியில்லை.

அப்புறம் லினெட் ஈரப் பாசியை விலக்கிக் காட்டினாள். ஒரு வெள்ளை நூல். கோடு இல்லை, புள்ளி இல்லை. இரண்டு சிவப்புக் கண் மட்டும். எனக்குப் பாம்பைக் கண்டால் இன்னும் உள்ளூரக் கூச்சம்தான். ஆனாலும் அன்று குனிந்து பார்த்தபடியே நின்றேன், முழங்கால் வலித்த பிறகும்.

"நார்பர்ட் சும்மா இருக்க மாட்டானே. பிஷப் குட்டி, பாதி எனக்குன்னு வருவான்" என்றேன்.

"வரட்டும்" என்றாள் ஆர்லெட்டா. "வந்து, பிஷப் பையில கரியன் இருந்திருக்கு, எனக்குத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா, பாதி என்ன, இந்த வெள்ளையையும் சேத்துக் குடுத்துடுவேன்."

"பைத்தியமா உனக்கு? அது லினெட்டோட உசுரு."

"அவளும் ஒத்துக்கிட்டா. நீயே கேளு."

லினெட் தலையாட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தால் பல் பிடுங்கச் சம்மதித்தவள் மாதிரி இருந்தது.

மேபல் அல்பினோக் குட்டி போட்ட செய்தி ஊரில் பரவி, சனிக்கிழமை நார்பர்ட் வந்தார். கையில் காலிப் பெட்டி ஒன்று. தன் பங்கை எடுத்துப்போக! வெள்ளைக் குட்டி சரியாகச் சாப்பிடவில்லை என்று அதை மட்டும் தனியாக, மூடியில் ஓட்டை போட்ட மார்ஜரின் டப்பாவில் சமையலறை மேசையில் வைத்திருந்தார்கள். நார்பர்ட் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி அந்த டப்பாவின் மேலேயே வைத்தார். எனக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

"ஆர்லெட்டா, நான் சண்டைக்கு வரல" என்று தொடங்கினார். "அந்த வீட்டுல இருந்த ஒரே அல்பினோ ஆண் பிஷப். குளிர்காலம் பூரா வயித்துல வெச்சிருக்கும்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதனால அது பிஷப் குட்டிங்க. நியாயப்படி பாதி எனக்கு."

"பிஷப் குட்டின்னா உனக்குத்தான்" என்றாள் ஆர்லெட்டா. "நான் இல்லைன்னு சொல்லலியே."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. லினெட் நிலவறையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அல்பினோக்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. விரலால் ஒன்றொன்றாக விலக்கினார். விரல் நின்றது.

"இது என்ன?"

"கரியன். ரெண்டு இருக்கு. இன்னொண்ணு தண்ணிக் கிண்ணத்துக்குப் பின்னால."

"கரியன் எப்படி வந்துச்சு?"

"எப்படி வரும்? நீதான் ஊருக்கே சொல்லிக் குடுத்திருக்கியே. அம்மா பையில ஒண்ணு, அப்பா பையில ஒண்ணு."

ஆர்லெட்டா அவர் வாயையே பார்த்தாள். லினெட்டும் பார்த்தாள். அவளுக்கு வாயைப் பார்ப்பது வாழ்க்கை. அம்மாவுக்கு அன்று அதுவே வாழ்க்கையாக இருந்தது. நான்கூட மனசுக்குள், சொல்லித் தொலையேன் மனுஷா என்று கெஞ்சினேன்.

"பிஷப் வரிசையில கரியன் கிடையாது" என்றார் நார்பர்ட்.

"நிச்சயமா?"

"எத்தனை வருஷமா அட்டை போட்டு வித்திருக்கேன்! என் பக்கம் சுத்தம்."

"அப்ப இது பிஷப் குட்டி இல்ல."

"இல்ல!" என்று மேசையைத் தட்டினார். அப்போதுதான் அவருக்கு வேறொன்று புலப்பட்டது. "படகுத்துறை வெண்டல்! அவன்கிட்டதான் கரியனும் இருக்கு, அல்பினோவும் இருக்கு. வசந்தத்துல மேபலைத் தூக்கிட்டு வெண்டல் வீட்டுக்குப் போயிருக்க! அப்ப ஆறு மாசம்கூட ஆகல நான் வெளிய போயி!"

மேபலைப் பற்றித்தான் பேசுகிறாரா என்பது எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. ஆர்லெட்டா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "தொப்பிய எடுத்துக்கோ நார்பர்ட்" என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபமில்லை, ஏமாற்றம். அவர் மார்ஜரின் டப்பாமேலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, காலிப் பெட்டியோடு போனார். வெள்ளைக் குட்டி அன்று மாலை தன் முதல் மண்புழுவைத் தின்றது.

வெண்டல் என்பவர் படகுத்துறையில் தூண்டில் புழு விற்கிற, நாலைந்து கார்ட்டரும் வளர்க்கிற பிரம்மச்சாரி. அறுபது வயது வரை எந்தப் பெண்ணோடும் வானிலையைத் தவிர வேறொன்றும் பேசாதவர். நார்பர்ட்டின் புண்ணியத்தில் அவருக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கெட்ட பெயர் கிடைத்தது. அதை அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தார். என் கடைக்கு வந்து மீசையைத் திருத்திக்கொண்டார். "ஜனங்க கண்டபடி பேசுதுங்க இர்மா" என்று சந்தோஷமாக அலுத்துக்கொண்டார். ஆர்லெட்டா எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் குட்டிகள் பிஷப்புடையவை என்று ஆகிவிடும். கைக்குட்டை போய்விடும். தன் நல்ல பெயரைக் கொடுத்து ஒரு வெள்ளைப் பாம்பைக் காப்பாற்றினாள். பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளின் அம்மாக்கள் கொஞ்ச நாள் அவளைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். அவளும் பதிலுக்குச் சிரித்து, கதவை அவர்கள் மூக்குக்கு நேரே மூடினாள்.

நார்பர்ட் அதன்பிறகு ஒரு சபதம் எடுத்தார். வெளிப் பாம்பே வேண்டாம். கலப்புக்கு இடமே இல்லாமல், பிஷப்பை அதனுடைய மகள்களோடேயே சேர்ப்பது. பாம்புக்காரர்களிடம் இது சகஜம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்பன் பையில் இருப்பது பாதி மகள்கள் பையிலும் இருக்கும். வெளி ஆள் வந்திருந்தால் ஒருவேளை தெரியாமலே போயிருக்கும். சுத்தத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் பூட்டிய பூட்டுதான் உள்ளே இருந்ததை வெளியே தள்ளியது.

செய்தியைக் கொண்டுவந்தவர் வெண்டல்தான். மூன்றாவது வருஷக் கோடையில் நார்பர்ட் ஒரு வாளியோடு தூண்டில் கடைக்கு வந்தாராம். வாளியில் பிறந்து சில நாளே ஆன நாலு கரியன் குட்டிகள். "என் தோட்டத்துல கெடந்துச்சு. நீ எடுத்துக்கறியா?" என்று கேட்டாராம்.

"நானும் சரின்னு வாங்கிக்கிட்டேன்" என்றார் வெண்டல். "ஆனா இர்மா, அவன் கம்பளக் கடை மாடியிலல்ல குடியிருக்கான்? அவனுக்கு ஏது தோட்டம்?"

நான் ஓடிப்போய் ஆர்லெட்டாவிடம் சொன்னேன். அவள் குதிப்பாள், கைதட்டுவாள் என்று பார்த்தேன். மண்புழு நறுக்கிக்கொண்டிருந்தவள், "பாவம்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் அவளாக இருந்தால் அந்த நாலு குட்டிகளையும் சர்ச் வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பேன்.

அந்த அக்டோபரில் மாவட்டப் பொருட்காட்சி மண்டபத்தில் ஊர்வனக் கண்காட்சி. மலைப்பாம்புக்காரர்களுக்கு நடு மண்டபம், விளக்கு, பதாகை. கார்ட்டர்காரர்களுக்குக் கழிப்பறைக்குப் பக்கத்து மேசை. எப்போதும் அப்படித்தான். ஆனால் அன்று எங்கள் மேசைக்கு எதிரேதான் கூட்டம். கைக்குட்டை நன்றாக வளர்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை ரிப்பன் சுருள் மாதிரி படுத்திருந்தது. கழிப்பறைக்கு வந்தவர்கள் வந்த காரியத்தை மறந்து நின்றார்கள். ஆர்லெட்டா ஏப்ரன் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால். லினெட் பக்கத்தில். நான் காப்பியும் டோனட்டுமாக உதவிக்கு.

மதியம் போல் கூட்டம் கொஞ்சம் விலகியது. நார்பர்ட் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் என் பின்வாசலுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலை முழுக்க நரை. அன்றுதான் அது தன் சொந்த நிறத்தில் இருப்பதை வெளியுலகம் பார்த்தது.

பெட்டிக்கு முன் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்கா கணக்குத் தெரியாது? கோடில்லாத வெள்ளை என்றால் என்ன, எங்கிருந்து வரவேண்டும் என்று அந்த மண்டபத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் நாலு பேர் இருக்க மாட்டார்கள்.

"அன்னைக்கே இருந்துச்சா இது?" என்று கேட்டார்.

"உன் தொப்பிக்குக் கீழ" என்றாள் ஆர்லெட்டா.

அவர் தலையை ஆட்டினார். "அப்பா யாரு?"

"நீயே சொல்லேன்."

மைக் பிடித்தே பழகிய தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆர்லெட்டா காத்திருந்தாள். லினெட் அவர் உதட்டையே பார்த்தாள். உதடு அசையவில்லை.

கை அசைந்தது. மெல்ல மேலே வந்து, நெஞ்சுப்பக்கம் சட்டைப்பையை இரண்டு தட்டு தட்டியது.

நாலைந்து சைகைக்கு மேல் தெரியாதவர் என்று நான் அவரை எத்தனையோ வருஷம் ஏசியிருக்கிறேன். இதையும் எங்கேயோ ஓரமாகப் பார்த்துவைத்திருக்கிறார்.

லினெட் உடனே சிரித்துவிடவில்லை. லேசுப்பட்டவளா அவள்! பெட்டியைக் காட்டினாள், இதையா சொல்கிறாய் என்று. பிறகு அந்த விரலை மடக்காமல் தன் காதுக்குக் கொண்டுபோனாள். அங்கேயே வைத்துக்கொண்டு புருவத்தைத் தூக்கினாள். இல்லை, இதையா?

நார்பர்ட்டின் முகம் என்னவோ போல் ஆனது. கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. மகளைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் தட்டினார். இந்த முறை இரண்டோடு நிற்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆர்லெட்டா மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். மண்புழுக் கறை படிந்த ஏப்ரன் பையை அவளும் தட்டினாள். நான் டோனட்டை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன்.

எதிர்மேசை மலைப்பாம்புக்காரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "என்ன, ரெண்டு பேரும் கார் சாவியத் தொலைச்சிட்டீங்களா?" என்று கத்தினான்.

"தொலைக்கல" என்றாள் ஆர்லெட்டா. "இப்பத்தான் கெடச்சுது."